வேகாத கறியைக் கொடுத்தனுப்பிய சம்பந்தி

என் மருமகன் சரவணன் காலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. பெரம்பலூர் உழவர் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போனில் அவன் பெயரைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. "அத்தை, அப்பா போயிட்டாருங்க" என்றான். "சும்மா இரு. நேத்து சாயங்காலம்தான் எங்கிட்ட பேசினாரு" என்று அவனை அதட்டினேன். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளின் புத்தி அது. விடை பிடிக்காவிட்டால் போட்டவனை அதட்டத் தோன்றும். அவன் அழுதான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அரியலூரில் சிமெண்ட் லாரிகள் போகிற சாலையில் எடைமேடை வைத்திருந்த கலியபெருமாளை இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என்னைவிட நீண்ட காலமாகத் தெரியும். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். வளைகுடாவில் ஒரு கிரேக்கர் நடத்திய ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போய், அடுப்படி வரை உயர்ந்து, மகன் காலேஜ் முடிக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பியவர். அன்று காலை முதல் லாரிக்கு எடைபோட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த லாரி டிரைவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். எனக்கு அவர் சம்பந்தி. அந்த ஒரு சொல்லுக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மகள் தேன்மொழி சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் சரவணனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். "செய்துகொள்ளலாமா" என்று கேட்கவில்லை, "போகிறேன்" என்றுதான் சொன்னாள். என் மகள் வேறு எப்படிப் பேசுவாள். அவர்கள் வேறு சாதி. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொள்கிற வேறு அல்ல. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தெருவே தனியாக இருந்த வேறு. என் கணவர் இறந்தபின் எனக்கு ஆதரவாக நின்றது உடையார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன்தான். மகளின் பள்ளிச் சேர்க்கையிலிருந்து என் வீட்டுக் கூரை ஒழுகியது வரை எல்லாவற்றுக்கும் வந்து நின்றவன். விஷயம் தெரிந்ததும் நேரில் வந்தான். "அந்த வூட்டுல கை நனச்சிட்டு வந்தியன்னா எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

கை நனைப்பது என்றால் இந்தப் பக்கத்தில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனாலும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும், முடிவு ஆகாதவரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டோம். இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் பெரிய பேச்சாகிவிடும். நான் சம்மதித்தால் அண்ணன் வீடு இல்லை, மறுத்தால் மகள் இல்லை. இரண்டில் எதை இழப்பது என்று தெரியாமல், வீட்டையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அரியலூர் பஸ் ஏறினேன். எது கொடுத்தாலும் வாயில் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

எடைமேடைக்குப் பின்னால்தான் வீடு. கலியபெருமாள் கைலியும் பனியனுமாக வாசலில் குந்தியிருந்தார். பழைய லாரிச் சக்கரத்து ரிம்மைப் படுக்க வைத்து, அதில் கரி போட்டு, மேலே ஒரு கம்பி வலையை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி செல்லம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டார். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதனால் அடுப்பைப் பற்றிப் பேசினோம்.

கொய்யாக் கிளையில் வேட்டித் துணியில் ஒரு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கீழே ஒரு குண்டானில் விழுந்தது. "தயிருங்க. அடுத்த வாட்டிக்கு" என்றார். தண்ணீர் எல்லாம் வடிந்து வெண்ணெய் மாதிரி கெட்டியானால்தான் அது கறியில் பிடித்து நிற்குமாம். வடிந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. கோழித் தொடையில் எலும்பை எடுத்துவிட்டு, அந்தத் தயிரில் பூண்டு, எலுமிச்சம்பழச் சாறு, மிளகு, உப்பு, கொஞ்சம் கடலெண்ணெய் சேர்த்து முந்தின நாளே பிசறி வைத்திருந்தார். அவர் வேலை பார்த்த கிரேக்கர் ஓட்டலில் ஏதோ ஒரு காய்ந்த இலையைத் தூவுவார்களாம். அது இங்கே கிடைக்காததால், வாசலில் வளர்ந்த கற்பூரவல்லி இலையை நிழலில் காயவைத்து நொறுக்கிப் போட்டிருந்தார். "வாசன முக்காவாசி வந்துடும் டீச்சர்" என்றார். "மஞ்சத் தூள் போடலையா? மொளகாத் தூள்?" என்று கேட்டேன். சிரித்தார். "மசாலா கறிய மெரட்டும். தயிரு பேசிப் பாக்கும்" என்றார். பிறகு அவரிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று முதல்முறை கேட்டபோது இந்த ஆள் சாமர்த்தியமாகப் பேசுகிறார் என்று எரிச்சல்தான் வந்தது.

கறித் துண்டுகளின் மேல் ஒட்டியிருந்த தயிரை விரலால் வழித்துவிட்டு வலையில் வைத்தார். தயிர் அதிகமாக இருந்தால் உள்ளே வேகும் முன் மேலே கருகிவிடும் என்றார். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கினார். வைத்த துண்டை, அது தானாக வலையை விட்டு வரும்வரை தொடவில்லை. என் பசிக்கு அந்த வாசனை தாங்கவில்லை. பெரம்பலூரில் காபியோடு கிளம்பியவள். கறி வெந்தது, இறக்கி மூடி வைத்தார். செல்லம்மா உள்ளே தட்டுகளை எடுக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. மறுப்பதற்கு நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

தண்ணீர் மட்டும் கொடுத்தார். அவர் வீட்டுச் சொம்பில் இல்லை. தானே கடைக்குப் போய், மூடி திறக்காத பாட்டில் வாங்கிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலுக்கு வந்தவளை ஒரு வாய் சாப்பிடச் சொல்லாத வீடும் ஒரு வீடா என்று எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. சாப்பிடக் கூடாது என்ற முடிவோடு வந்தவளுக்கு, சாப்பிடச் சொல்லவில்லையே என்று கோபம். அப்போது அது எனக்கு விநோதமாகத் தெரியவில்லை.

நான் கிளம்ப எழுந்தபோது ஒரு தூக்குவாளியை எடுத்துவந்தார். நெருப்பில் வைக்காமல் எடுத்துவைத்த கறி அதில் தயிரோடு இருந்தது. "டீச்சர், சாப்பிடச் சொல்லலன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "சொன்னா நீங்க மறுக்கணும். மூஞ்சிக்கு நேரா மறுக்கறது உங்களுக்குத்தான் சங்கடம். இல்ல, மரியாதைக்குன்னு ஒரு வாய் சாப்பிட்டுட்டீங்கன்னா, அதுவே முடிவாயிடும். பொண்ணோட வாழ்க்கை, அப்படி முடிவாவக் கூடாது. இது இன்னும் நெருப்பப் பாக்கல. உங்க வூட்டு அடுப்புல சுட்டா அது உங்க வூட்டுக் கறி. யாருக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல." நான் வாங்கிக்கொண்டேன். வாங்கக் கூடாது என்று நினைக்கவே நேரம் இல்லை.

பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் என்ன செய்திருக்கிறார் என்று புரிந்தது. உடையார்பாளையத்தில் என் அப்பா வீட்டுக்குப் பொங்கல் சமயத்தில் அந்தத் தெருவிலிருந்து பூசணிக்காய் வரும், கரும்பு வரும், உயிரோடு கோழி வரும். வாங்கி உள்ளே வைப்போம். அவர்கள் வீட்டில் சமைத்த எதுவும் வந்ததில்லை. கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. வேகாத பொருளுக்கு எங்கள் வாசல் திறந்திருந்தது, வெந்த பொருளுக்குத் திறக்கவில்லை. அதை நாங்கள் மறந்துவிட்டு வசதியாக இருந்தோம். அவர் மறக்காமல் இருந்தார். அந்த விதிக்குள்ளேயே என் மானத்துக்கு ஒரு பழுதும் வராதபடி ஒரு வழி கண்டுபிடித்து, அதைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்திருந்தார். மூடி திறக்காத பாட்டிலும் அதில் சேர்ந்ததுதான்.

வீட்டில் கரியும் இல்லை, வலையும் இல்லை. தோசைக்கல்லில் போட்டேன். முதல் துண்டு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் போட்டதில் கல் குளிர்ந்து, தண்ணீர் விட்டு, கறி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டேன். "கல்லு நல்லா காயட்டுங்க. ரெண்டு துண்டு, மூணு துண்டு, அதுக்கு மேல போடாதீங்க. பெரட்டிப் பெரட்டி விடாதீங்க, அது பாட்டுக்குச் செவக்கட்டும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "எறக்குன ஒடனே பிய்க்காதீங்க டீச்சர். சாறு உள்ள திரும்பிப் போவணும்" என்றார். சொன்னபடி செய்தேன். மேலே லேசாகக் கருகி, உள்ளே பஞ்சு மாதிரி வெந்து, எலுமிச்சம்பழப் புளிப்போடு இருந்தது. சோற்றைத் தொடாமல் அதை மட்டும் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் அண்ணன் வந்தான். "ஒண்ணும் சாப்பிடலயே?" என்பதுதான் முதல் கேள்வி. "இல்ல. அவங்க சாப்பிடவே சொல்லல. தண்ணிகூட கடையில வாங்கித்தான் குடுத்தாரு" என்றேன். இதைக் கேட்டாவது அவனுக்கு உறுத்தும் என்று நினைத்தேன். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லயே. எடம் தெரிஞ்சு நடந்துக்கறான்" என்றான். கெட்ட மனதோடு சொல்லவில்லை, பாராட்டித்தான் சொன்னான். அந்தப் பாராட்டைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு நாளும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இருந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அரியலூர் போனேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால், தூக்குவாளி நிறைய என் வீட்டுத் தயிரைத் தோய்த்துக் கொண்டுபோனேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, "நல்லா புளிக்காம இருக்கு" என்றார். அன்றும் ரிம்மில் கறி இருந்தது. அன்றும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. இறக்கி வைத்து, ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம். "எனக்கு ஒரு தட்டு குடுங்க" என்றேன்.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்?" என்றார். "எம் பொண்ணு. எம் பசி. ரெண்டுக்கும் அவன எதுக்குக் கேக்கணும்?" என்றேன். செல்லம்மா உள்ளிருந்து தட்டோடு வந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலேயே தயாராக நின்றிருப்பார் போல. கலியபெருமாள் கறியைப் பிய்த்துத் தட்டில் வைத்தார். பக்கத்தில் வெங்காயமும் வெள்ளரியும் வைத்தார். நான் சாப்பிடுவதை அவர் பார்க்கவில்லை, ரிம்முக்குள் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னொரு துண்டைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்கும் வரவில்லை. நல்ல நாளில் போன் மட்டும் உண்டு. கலியபெருமாள் என்னிடம் எப்போது பேசினாலும், "அண்ணன் நல்லா இருக்காங்களா?" என்று கேட்காமல் வைக்க மாட்டார். "அவன எதுக்கு நீங்க விசாரிக்கறீங்க?" என்று ஒருமுறை சீறினேன். "கோவத்துல இருக்கறவங்களயும் விசாரிக்கணும் டீச்சர். நாளைக்கு வந்தா மூஞ்சி பாக்கச் சங்கடமா இருக்கக் கூடாது பாருங்க" என்றார். சம்பந்தி ஆன பிறகும் கடைசிவரை டீச்சர்தான். தங்கச்சி என்று கூப்பிடுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே டீச்சர் என்பார்.

பெரம்பலூரில் என் வீட்டுக்கு அவர் முதலில் வந்தபோது வாசலை ஒட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோசைக்கல்லில் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, வந்து பாருங்கள் என்று சமையலறைக்குக் கூப்பிட்டேன். வாசற்படியில் நின்றே பார்த்துவிட்டு, "கல்லு காயல" என்றார். "உள்ள வந்து சொல்லுங்க" என்றேன். "இங்கருந்தே தெரியுதுங்க" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அடுப்பில் கறி இருக்கும்போது அவரால் வெளியே நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். போனார். கொஞ்ச நேரத்தில் என் அரிவாள்மனை மழுங்கியிருக்கிறது, என் எலுமிச்சம்பழம் வாடியிருக்கிறது என்று உள்ளேயிருந்து குறை சொல்லும் குரல் கேட்டது. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏன் எப்போதும் இந்த ஒரு கறியையே சமைக்கிறீர்கள் என்று அன்று கேட்டேன். அந்த ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றிச் சொன்னார். மதியம் வேலை முடிந்ததும், தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தாராம். முதலாளியின் மனைவி தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து அழைத்துப்போய், அவர்கள் குடும்பம் சாப்பிடுகிற மேசையில் உட்காரவைத்து, இந்தக் கறியைப் பிய்த்துத் தட்டில் வைத்தாராம். "டீச்சர், நம்மூர்ல அப்படி ஒருத்தரும் கூப்ட்டு ஒக்கார வச்சதில்ல. அவ்வளவு தூரம் போயி, பாஷ தெரியாத எடத்துல..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் இரண்டு தட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அன்றைய சோறு சம்பந்தி வீட்டிலிருந்து போக வேண்டும். நான் பெரம்பலூரில் சமைத்து, வேனில் ஏற்றிக்கொண்டு அரியலூர் போனேன். சாம்பாரையும் ரசத்தையும் இறக்கிவைத்தபோது அவருடைய உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். யார் வீட்டில் சமைத்தது என்று ஒருவரும் தயங்கவில்லை. செல்லம்மா மட்டும் சாப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்துகூட ஒங்க அண்ணனப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாரு அண்ணி. நம்ம பேரனுக்குக் காது குத்தறப்பவாச்சும் வருவாங்களான்னு" என்றார். அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வரணும்தான்மா. நல்ல மனுஷன். காரியத்தன்னைக்கு வந்து மாலையப் போட்டுட்டு ஒடனே கெளம்பிடறேன். சாப்பாடு கீப்பாடுன்னு யாரும் இழுக்கக் கூடாது, நீ பாத்துக்க" என்றான். கலியபெருமாள் இருந்திருந்தால், வரட்டும் டீச்சர், வர்றதே பெருசு என்றிருப்பார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, என் அண்ணனுக்குச் சங்கடம் இல்லாமல் வழியனுப்பி வைத்திருப்பார். அவர்தான் இல்லையே. "அப்படின்னா வராதண்ணே" என்றேன். "காரியத்தன்னைக்கு அந்த வூட்டு அடுப்புலதான் சமையல். செல்லம்மாதான் சமைக்கப் போறாங்க. பந்தியில ஒக்காந்து சாப்பிடறதா இருந்தா வா." அண்ணன் போனை வைத்துவிட்டான்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கறி கைக்கு வந்துவிட்டது, அது என்னோடு இருக்கும். அவருடைய பொறுமையை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது அவருடைய குணம் என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிறு வயதிலிருந்து எங்களைப் போன்றவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. அவர் சுமந்தது போதும். கடைசிவரை அவர் ஒருவரிடமும் காட்டாமல் உள்ளே வைத்திருந்த கோபம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காரியம். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனுக்கும் சேர்த்து ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.